திரைக்கு உள்ளே நின்றவர்கள்

சிரஞ்சீவி என்று தொடங்கி ஆசீர்வாதம் என்று முடிக்கிற கடிதம் இல்லை இது. ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். அதை இந்த விஷயத்தோடு கலக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, மெதுவாகப் படி. புரியாத இடம் வந்தால் திரும்பப் படி. ஹாஸ்டலில் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடாதே. என் சமாசாரம் உன் சிநேகிதர்கள் வாயில் வந்தது ஒரு தடவை போதும்.

நீ வீட்டுப் பக்கம் வந்து நாளாகிறது. அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கத்திவிட்டுப் போனதுதான். "ஏம்மா இப்படிப் பண்ணினே? ஆஸ்பத்திரியிலேர்ந்து பாதியிலே எழுந்து ஓடி வந்தா என்ன அர்த்தம்? பெரிய டாக்டர் மூஞ்சியிலே நான் எப்படி முழிப்பேன்? என் மானமே போச்சு!" என்றாய். நான் கரண்டியும் கையுமாக நின்றிருந்தேன். மானம் போனது உனக்காம்! அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. உன் அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "அவன் டாக்டருக்குப் படிக்கறான்டி. அவனுக்குத் தெரியாதது நோக்கு என்ன தெரிஞ்சுடப் போறது?" என்றார். ஆக இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு கட்சி. உதிரப்போக்கு மட்டும் யார் கட்சியிலும் சேராமல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. கண் இமையைக் கீழே இழுத்துக் கண்ணாடியில் பார்த்தால் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. உள்ளே இருப்பதை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நான் போய்விடுவேன் என்பது எனக்கும் தெரியும். மறுபடி அந்த ஆஸ்பத்திரிப் படியை மிதிப்பேனா மாட்டேனா என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் நடந்தது என்ன என்பதை என் பக்கத்திலிருந்து நீ ஒரு முறை கேட்க வேண்டும்.

நம் வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு உடம்புக்கு வந்தால் சொல்லுகிற வார்த்தை ஒன்றே ஒன்று. ஒண்ணுமில்லை. எனக்குத் தலைப்பிரசவத்தில் வலி எடுத்துக் கதறியபோதும் அதைத்தான் சொன்னார்கள், பிறந்தது அழாமலே கிடந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். அதே வீட்டில் உன் அப்பாவுக்குக் குடலிறக்கம் என்று ஆபரேஷன் ஆனதே, நினைவிருக்கிறதா? நீ அரைக்கால் சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். டாக்டர் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, எங்கே கீறுவார்கள், எப்படித் தைப்பார்கள், எப்போது எழுந்து நடக்கலாம் என்று ஒன்று விடாமல் சொல்லி அனுப்பினார். உன் அப்பா வீட்டுக்கு வந்து ஆபீஸ் பென்சிலால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படமே போட்டார். அடுத்த வீட்டுக்காரர் பார்த்தார், மேல் மாடிக்காரர் பார்த்தார், கணக்குத் தீர்க்க வந்த பால்காரனும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனான். கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்துக்கே அவர் குடல் அத்துப்படி. அதனால் அவர் மானம் ஒன்றும் போகவில்லை. ஆபரேஷனுக்குப் போகிற அன்றைக்குக் காலையில் இரண்டாம் டம்ளர் காபி கேட்டு, கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதை அவரே நினைவுபடுத்திக்கொண்டு சிரித்தார். என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தவருக்கு அப்படிச் சிரிக்க முடிகிறது.

என் உபத்திரவத்தை நான் மாதக்கணக்காக யாருக்கும் சொல்லவில்லை. எல்லாரும் எழுந்திருப்பதற்குள் துணிகளை அலசிக் குளியலறைக் கொடியில் ஒரு பழைய புடவைக்கு அடியில் உலர்த்திவிடுவேன். ரேஷன் கடை வரிசையில் கண் இருட்டி விழுந்தேனே, அன்றைக்குத்தான் வெளியில் வந்தது. உன் அப்பா விசிறி எடுத்து வீசினார், குளுகோஸ் வாங்கி வந்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை. நீதான் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, என்ன பண்றது நோக்கு? எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாய். பெற்ற பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று கூசினாலும், உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் என்னைக் கேட்கிறதுக்கும் ஒரு ஆள் உண்டு என்று அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொன்னால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அப்படி நம்பினேன் உன்னை.

உன் காலேஜ் ஆஸ்பத்திரியிலேயே காட்டலாம் என்றாய். நான் என்ன கேட்டேன்? பார்க்கிறது யார், என்ன செய்வார்கள், யார் யார் இருப்பார்கள், ஆண்பிள்ளை யாராவது உண்டா. கேட்டது இவ்வளவுதான். காய்கறிக்காரனிடம் முருங்கைக்காயைப் பற்றிக் கேட்கிற கேள்விகூட இதைவிட அதிகமாக இருக்கும். நீ சொன்னாய்: "லேடி டாக்டர்தாம்மா. கூட ஒரு நர்ஸ் இருப்பா. சுத்தித் திரை போட்டிருக்கும். பார்த்துட்டு அனுப்பிடுவா. ஒண்ணுமில்லை, நீ கவலைப்படாதே." அந்த வார்த்தை உன் வாயிலிருந்தும் வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மற்றவர்கள் தெரியாமல் சொல்லுகிறார்கள், என் பிள்ளை தெரிந்து சொல்லுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் முறத்தில் ரேஷன் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்தும் அந்தக் கல்லுக்கு ஒரு முடிவு வரவில்லை. நீ வந்து எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து நீயும் பொறுக்க ஆரம்பித்தாய். "அம்மா, அக்காவுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துதாமே?" என்று மெதுவாகக் கேட்டாய். உன்னைப் பெற்ற நாளாக யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் சொன்னேன். அழாத முதல் பிள்ளையைச் சொன்னேன். உன் அக்காவுக்கும் உனக்கும் நடுவில் பிறந்து, இந்தப் பம்பாய் மழையில் ஜுரம் வந்து போன பெண் குழந்தையைச் சொன்னேன். அது குப்புற விழப் பழகி, நிமிரத் தெரியாமல் கோபித்துக்கொண்டு கத்தும் என்று சொன்னேன். அதற்கு அப்புறம் உன் அப்பாவோடு நான் வெகுகாலம் பேசாமல் இருந்ததைச் சொன்னேன். உனக்குக் கண் கலங்கியது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். முறத்தில் அரிசி அப்படியே இருந்தது, அன்றைக்கு இரவு கல்லோடுதான் சாப்பிட்டோம். எனக்கு அது உறைக்கவே இல்லை, மனசு அத்தனை லேசாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னை ஒரு உயர்ந்த மேஜையில் இடது பக்கமாகச் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். முழங்காலை மடக்கு என்றாள். மேலே ஒரு துணியைப் போட்டாள், போட்ட துணியைத் தூக்கினாள். திரை இருந்தது, நீ அதில் பொய் சொல்லவில்லை. லேடி டாக்டர் வந்தாள், அதிலும் பொய்யில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி இல்லை, கூட்டமாக. கோவில் பிரகாரத்தில் சுண்டலுக்கு நிற்கிற மாதிரி வந்து நின்றார்கள். எல்லாரும் திரைக்கு உள்ளேதான் நின்றார்கள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். நான் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். டாக்டர் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். என் பின்னாலிருந்து ஒரு பையன் பதில் சொல்ல ஆரம்பித்தான்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் கூடத்தில் உன் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்து, "மாமி, ரசம் இன்னும் கொஞ்சம்" என்று கேட்கிற குரல் அது. ஹாஸ்டல் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போன பிள்ளை என்று நான் பார்த்துப் பார்த்துப் போடுகிற உன் சிநேகிதன் வெங்கிட்டு! அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்று ஒப்பித்துக்கொண்டிருந்தான். எனக்கு இங்கிலீஷ் பேச வராது, ஆனால் உன்னையும் உன் அக்காவையும் மேஜையில் உட்காரவைத்துப் பாடம் படிக்கவைத்தவள் நான். நாலு, இரண்டு, இறந்தது, ஜுரம், புருஷன் என்பதெல்லாம் காதில் விழுந்தால் புரியும். அழாத பிள்ளையைச் சொன்னான். மழைக்காலத்து ஜுரத்தைச் சொன்னான். அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் நான் சொல்லவில்லை. உலகத்திலேயே ஒரே ஒருத்தனுக்குத்தான் சொன்னேன், அவனும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அட பாவி! நீ மகனாகக் கேட்கிறாய் என்று நினைத்தேனேடா. நீ பாடத்துக்குக் கேட்டிருக்கிறாய்.

நான் எழுந்துவிட்டேன். நர்ஸ் தோளை அழுத்தினாள், அவள் கையைத் தள்ளினேன். புடவையைச் சரிசெய்துகொண்டு திரும்பி அவர்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தேன். எல்லாம் மீசை அரும்புகிற பிள்ளைகள். வெங்கிட்டுவின் முகம் செத்துப்போயிருந்தது. அந்தக் கூட்டத்தில் நீ இல்லை. வராந்தாவில் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாய். "முடிஞ்சுதாம்மா?" என்றாய். உனக்கு வெட்கம், அதனால் வெளியே நின்றாய். உன் வெட்கத்துக்கு இடம் பார்த்துவைத்திருந்தாய், என் வெட்கத்துக்கு ஒரு இடம் பார்க்கத் தோன்றவில்லை. உன்னைத் தாண்டி நடந்து, டிராமில் தாதர் வரை வந்து, அங்கே ஒரு விக்டோரியா குதிரை வண்டியைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன். வண்டிக்காரன் வழி நெடுக அழாதே தாயே என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் சொன்ன பிறகுதான் நான் அழுகிறேன் என்றே எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வரவில்லை. வெங்கிட்டு வந்தான். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். "மாமி, நான் உள்ளே வரலாமா?" என்றான். வாடா என்றேன். உள்ளே வந்தவன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுவிட்டு, "மாமி, உங்களுக்கு எல்லாம் தெரியும்னு அவன் சொன்னான். ஸ்டூடண்ட்ஸ் பார்க்கறதுக்கு நீங்க சம்மதிச்சாச்சுன்னு டாக்டர்கிட்டயும் சொன்னான். சத்தியமா எனக்குத் தெரியாது மாமி" என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். ஊரான் வீட்டுப் பிள்ளை அழுகிறது, என் வீட்டுப் பிள்ளை கத்திவிட்டுப் போகிறது. அவனுக்கு இலை போட்டுச் சாதம் போட்டேன். முதலில் வேண்டாம் என்றான், அப்புறம் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே, "ஆபரேஷன் அன்னிக்குத் தியேட்டருக்குள்ளே உங்க பக்கத்துலேயே நிக்கணும்னு அவன் ரொம்ப ஆசையா இருந்தான் மாமி. இப்போ நீங்க வரவே மாட்டேளோன்னு பயப்படறான்" என்றான். பயப்படுகிறவன் வந்து சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். அவன் இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் உன் அப்பா ஆபீசுக்குப் போனதும் நான் தனியாகக் கிளம்பி அந்த டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். இத்தனை வருஷம் மாதுங்கா மார்க்கெட்டில் பேரம் பேசிப் பேசி வந்த ஹிந்தி என்னிடம் இருந்தது. "மேரேகோ சப் போலோ. லட்காகோ நஹி, மேரேகோ போலோ" என்றேன். எனக்குச் சொல்லுங்கள், என் பிள்ளைக்கு இல்லை, எனக்கு. அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். பாதி ஹிந்தி, பாதி மராட்டி, மீதி கையால். பேரிக்காய் அளவு இருக்க வேண்டிய கர்ப்பப்பை உள்ளே கட்டி வளர்ந்து தேங்காய் அளவு ஆகியிருக்கிறது என்றாள். கட்டியை மட்டும் எடுக்க வழியில்லை, பையோடுதான் எடுக்க வேண்டும் என்றாள். அடிவயிற்றில் எங்கே கீறுவாள் என்று தன் புடவை மேலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினாள். முதல் நாள் எனிமா கொடுப்பார்கள், மயிரை வழிப்பார்கள், மூக்கில் முகமூடி வைத்து மருந்து சொட்டுவார்கள், அந்த நாற்றத்தில் மூச்சு முட்டுவது போல இருக்கும், ஆனால் முட்டாது என்றாள். விழித்ததும் வாந்தி வரும், தாகம் எடுக்கும், தண்ணீர் கேட்டாலும் உடனே கிடைக்காது என்றாள். செத்துப்போவேனா என்று கேட்டேன். சிலர் போயிருக்கிறார்கள், அநேகம் பேர் பிழைத்திருக்கிறார்கள், உங்களுக்கு ரத்தம் குறைவு, அதை ஏற்றிக்கொண்டுதான் கத்தியை எடுப்பேன் என்றாள். பெற்றவளிடமிருந்தும் கட்டினவரிடமிருந்தும் பிள்ளையிடமிருந்தும் கிடைக்காத பதில், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கிடைத்தது.

பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஆனால் முன்பு எதைப் பார்த்துப் பயப்படுவது என்றுகூடத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்தேன். இப்போது முகமூடிக்கும் தாகத்துக்கும் மட்டும் பயப்படுகிறேன். இனிமேல் மாதாமாதம் துணி அலச வேண்டாம் என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அப்புறம் அவளாகவே, "உங்கள் சம்மதத்தை நானே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், உங்கள் மகன் சொன்னதை நம்பிவிட்டேன்" என்றாள். மாணவர்களுக்குக் காட்டச் சம்மதித்தால் படுக்கை சீக்கிரம் கிடைக்கும், பெரிய டாக்டரான அவளே கத்தி வைப்பாள் என்பதால்தான் நீ அப்படிச் சொல்லியிருப்பாய் என்றும் சொன்னாள். உனக்காக அவள் வக்காலத்து வாங்கினாள்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் உயிருக்காகத்தான் செய்தாயா? செய்தாய், ஒப்புக்கொள்கிறேன். பெரிய டாக்டரிடம் நல்ல பெயர் வாங்கவும் செய்தாய், அதையும் நீ ஒப்புக்கொள். அந்த ஞாயிற்றுக்கிழமை அரிசி முறத்துக்கு எதிரே உட்கார்ந்து, "அம்மா, இப்படி ஒரு வழி இருக்கு, காலேஜ் பிள்ளைகள் நின்னு பார்ப்பா, உனக்குக் கஷ்டமா இருக்கும், ஆனா நல்ல கை ஆபரேஷன் பண்ணும்" என்று சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? முதலில் சீ என்றிருப்பேன். இரண்டு நாள் அழுதிருப்பேன். மூன்றாம் நாள் சரி என்றிருப்பேன்டா. பிழைக்க ஆசை எனக்கும் இருக்கிறது. நீ என்னைக் கேட்கவே இல்லை. அம்மாவுக்கு என்ன தெரியும், பயந்து அழுவாள், சொல்லாமல் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டால் ஆயிற்று என்று நினைத்தாய். உன் அப்பா அப்படி நினைத்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகியாயிற்று. உன்னிடம் பழகவில்லை.

நாளைக்கு நீ டாக்டராகிவிடுவாய். தாராவியிலிருந்து ஒருத்தி வருவாள், கோவண்டியிலிருந்து ஒருத்தி வருவாள், அவளோடு அவள் புருஷனோ பிள்ளையோ வருவான். அவனைப் பார்த்துப் பேசாதே. அவள் முகத்தைப் பார். என்ன செய்யப் போகிறாய், எங்கே வலிக்கும், யார் யார் நிற்பார்கள் என்று அவள் பாஷையில் சொல். அவள் பாஷை உனக்கு வராவிட்டால் கற்றுக்கொள், எனக்கு மார்க்கெட்டில் வந்தது உனக்குக் காலேஜில் வராமலா போய்விடும்? அவள் அழுதால் அழ விடு. அழுது முடித்ததும் அவளுக்குக் கேள்வி வரும், அதற்கு உட்கார்ந்து பதில் சொல். இதற்கு மேல் உனக்குச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன். போகிறேன். உன் ஆஸ்பத்திரிக்கேதான், அதே டாக்டரம்மாவிடம்தான். அப்பாவின் கையெழுத்து வேண்டுமாம். எல்லாவற்றையும் அவருக்கு நானே எடுத்துச் சொன்னேன், படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவைத்துவிட்டுக் கேட்டார், போடுகிறேன் என்றார். மாணவர்கள் பார்க்கவும் சம்மதித்துவிட்டேன். என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் கற்றுக்கொள்ளட்டும், அதனால் இன்னொருத்தி பிழைத்தால் நல்லதுதான். ஆனால் டாக்டரம்மாவிடம் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். முகமூடி வைப்பதற்கு முன்னால், உள்ளே நிற்க விரும்புகிற ஒவ்வொருவனும் என் தலைமாட்டுக்கு வந்து, எனக்கு முகம் தெரிகிற மாதிரி நின்று, பெயரைச் சொல்லி, நிற்கலாமா என்று கேட்க வேண்டும். எந்தப் பாஷையில் கேட்டாலும் சரி. இங்கே இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லையே என்று அவள் யோசித்தாள், அப்புறம் சரி என்றாள். வெங்கிட்டு அதுவரை காத்திருக்கவில்லை, நேற்றே வீட்டுக்கு வந்து கேட்டான். நில்லுடா என்றேன்.

நீயும் வா. எல்லாரையும் போல வரிசையில் வந்து, என் முகத்தைப் பார்த்து, உன் பெயரைச் சொல்லிக் கேள். உனக்கு மட்டும் முடியாது என்று சொல்லுவேன். அதைக் கேட்டுக்கொண்டு வெளியே போய், உன் அப்பாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திரு.